சாலையின் தென்புறம்

ஜூன் 14, சனி

மிருதுளாவுக்கு நீட்டில் 418. காலையிலிருந்து திறக்காமல் அடம்பிடித்த இணையதளம் ஒன்றரை மணிக்குத்தான் மார்க்கைக் காட்டியது. அவள் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். கிராம நிர்வாக அலுவலராக இருந்துகொண்டு மகளை அரசுப் பள்ளியிலா சேர்ப்பது என்று ஆறு வருஷமாக என்னைக் கேட்டவர்களுக்கு இன்று பதில் சொல்லியாயிற்று.

என் கணவர் மின்துறையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். புதுச்சேரியில் எந்தெந்த அரசுப் பள்ளியில் யார் யாருக்கு எவ்வளவு என்று ஆசிரியர்களிடம் போன் போட்டுக் கேட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதினார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் மருத்துவ இடங்கள் இந்த முறை பதினொன்று. அதில் கிடைத்துவிட்டால் படிப்புச் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது. அவர் கணக்கில் மிருதுளா பன்னிரண்டாவது.

"ஒருத்தர் விலகினா போதும்" என்றார் அவர்.

அவள் வகுப்பிலேயே படித்த பவதாரணிக்கு 435. ஒன்பதாவது இடம். நல்ல பெண், கஷ்டப்பட்ட குடும்பம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

அலுவலகத்தில் நிற்க இடமில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று. மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது. உதவியாளர் கலியமூர்த்தி வெளியே நின்று டோக்கன் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு மேல் அஞ்சலாட்சி வந்தாள். பவதாரணியின் அம்மா. நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. மகளுக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் நத்தமேட்டுத் தெரு, ஓடைப்பாக்கம், புதுச்சேரி என்றே இருந்தது. பள்ளிக்கூடச் சான்றில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் இங்கேதான். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். அவளே வாயைத் திறந்தாள்.

"இப்ப எதுத்தாப்புல எங்க அண்ணன் வூட்ல இருக்கோம் மேடம். புயல்ல வூடு போனதுலேர்ந்து."

அதைக் கேட்ட பிறகு கேட்காத மாதிரி இருக்க முடியாது. ஐந்து வருஷம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. நத்தமேட்டுத் தெரு ஒரே தெருதான். ஆனால் நடுவில் போகும் தார்ச்சாலைதான் எல்லை. வடபுறம் புதுச்சேரி, தென்புறம் தமிழ்நாடு. வடபுறத்துக்காரர் வீட்டில் கரண்ட் போனால் என் கணவருக்குப் போன் வரும். தென்புறத்தில் போனால் கடலூருக்குச் சொல்ல வேண்டும். அஞ்சலாட்சியின் அண்ணன் வீடு தென்புறம்.

நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஜூலை நான்கு கடைசித் தேதி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 17, செவ்வாய்

முப்பத்தொரு விண்ணப்பம் முடித்தேன். கடைசியாக முடித்தது பின்தெரு ஜெகதீசன் மகனுடையது. இன்று காலையில்தான் கொடுத்தார்கள், அவசரம் என்றார்கள். நேரில் பார்க்க வேண்டியவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்படி எடுத்து வைத்தது ஒன்றுதான்.

ஜூன் 18, புதன்

சர்வர் இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும் சர்வர் சரியில்லை. பக்கத்து கிராமத்து அலுவலகத்தில் ஓடுகிறதாம், கலியமூர்த்தி சொன்னார். அங்கே ஓடினால் எனக்கென்ன.

பத்து நாள் துணி சேர்ந்துவிட்டது. துவைத்தேன். பீரோவின் மேல்தட்டை ஒழித்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ள வேண்டும் போலவும் எழுந்தால் உட்கார வேண்டும் போலவும் இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

நத்தமேட்டுத் தெருவுக்குப் போனேன்.

வடபுறத்தில் கதவு எண் 14. வாசலில் எண் எழுதிய தகடு மட்டும் ஒரு கட்டையில் நிற்கிறது. பின்சுவர் இடுப்பளவு இருக்கிறது, மற்ற மூன்று சுவரும் இல்லை. ஓடுகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுப்பு இருந்த இடத்தில் பூசணி படர்ந்து காய்த்திருக்கிறது. வீடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

புறப்படுவதற்கு முன்பே பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் புயலின் சேத அறிக்கையில் எண் 14 'பகுதிச் சேதம்' என்று இருக்கிறது. முழுச் சேதம் என்றால் புது வீடு கட்ட அரசு உதவி. பகுதிச் சேதத்துக்குத் தார்ப்பாயும் அரிசியும். பகுதிச் சேதமான வீட்டைச் சரிசெய்துகொண்டு இங்கேயே இருந்திருக்கலாம். இவர்களாகவே எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்கள். அறிக்கைப்படி அப்படித்தான்.

சாலையைத் தாண்டினேன். பதினான்கு காலடிதான். அண்ணன் வீட்டின் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை. பவதாரணி பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். "மிருது கவலையா இருக்காளா மேடம்? அவளுக்கும் கண்டிப்பா கிடைச்சிடும்" என்றாள். தகப்பன் இல்லாத பெண். புத்தகங்களை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறாள். கேட்டதற்கு, மழை வந்தால் தகரம் ஒழுகும் என்றாள்.

தமிழ்நாட்டில் விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டேன். மாமா அங்கேயும் போய் விசாரித்துவிட்டார் என்றாள். அங்கே அரசுப் பள்ளி ஒதுக்கீடு வேண்டுமென்றால் அந்த மாநிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் பன்னிரண்டு வருஷமும் படித்தது சாலையின் இந்தப் பக்கம். பொதுவில் போட்டியிட 435 போதாது.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விளங்காத இடத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அந்தாண்ட போனா ஸ்கூல் தப்புங்கறாங்க. இந்தாண்ட வந்தா வூடு தப்புங்கறீங்க. அப்ப நான் எந்த ஊர் மேடம்?"

விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

அறிக்கை அனுப்பிவிட்டேன். 'விண்ணப்பதாரர் தற்போது இவ்வருவாய்க் கிராம எல்லைக்குள் வசிக்கவில்லை. பரிந்துரைக்கப்படவில்லை.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். அவர் காபி குடித்துக்கொண்டே அந்த விண்ணப்பம் என்னவாயிற்று என்றார். சொன்னேன். "நீ ரூல்படிதானே பண்ணினே" என்றார். நான் அப்படி ஏதும் கேட்கவே இல்லை. பிறகு தன் தாளை எடுத்து ஒரு பெயரை அடித்தார். நான் பார்க்கும்படி அடிக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

மிருதுளாவுக்குத் தெரிந்துவிட்டது. பவதாரணியின் செல்போனுக்கு 'நிராகரிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி போயிருக்கிறது. இவளிடம்தான் முதலில் சொல்லி அழுதிருக்கிறாள். நீயா எழுதினாய் என்று மிருதுளா கேட்டாள். என் வேலை என்னவோ அதை எழுதினேன் என்றேன்.

சாப்பாட்டின் நடுவில் இன்னொரு கேள்வி. ஜெகதீசன் மாமா குடும்பம் மூன்று வருஷமாகச் சென்னையில்தானே இருக்கிறது, அவர் மகனுக்கு மட்டும் எப்படிச் சான்று கொடுத்தாய் என்றாள். அது வேறு. அவர்களுக்கு இங்கே வீடு இருக்கிறது. பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இதை அவளிடம் விளக்கினேன். தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 26, வியாழன்

அஞ்சலாட்சி தாசில்தாரிடம் மேல்முறையீடு கொடுத்திருக்கிறாள். யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, நன்றாகவே எழுதியிருக்கிறது. 'புயலில் வீடு முற்றிலும் இடிந்ததால் வேறு வழியின்றித் தற்காலிகமாக எதிர்ப்புறம் தங்கியுள்ளோம். மனை இன்றும் எங்கள் பெயரில் உள்ளது.' பேரிடரால் இடம்பெயர்ந்தால் குடியிருப்பு அறுந்ததாக ஆகாது என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருக்கிறது. எனக்குத் தெரியும். தாசில்தாருக்கும் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. புயல் சேதக் கோப்போடு வரச் சொல்லியிருக்கிறார்.

ஆக, எல்லாம் ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. முழுவதுமா, பகுதியா.

அந்த டிசம்பரை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று நாளில் நானூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு அறிக்கை கேட்டார்கள். இரண்டு வேளைச் சாப்பாடு கிடையாது. நத்தமேட்டில் இடுப்பளவு தண்ணீர். தெருமுனை வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் தெரிகிற வரை தெரிந்தது. முழுச் சேதம் அதிகம் காட்ட வேண்டாம் என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

ஜூன் 28, சனி

கலியமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது அவருக்கு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கு நாம அந்தத் தெருப் பக்கமே போகலியே மேடம். பாலத்தாண்ட ஜீப்பு நின்னுபோச்சு. நான் போன்ல கேட்டுச் சொன்னதைத்தானே எழுதினீங்க."

அவருக்கு மறதி. தெருமுனை வரை போனதாகத்தான் எனக்கு ஞாபகம். பாலத்திலிருந்து தெருமுனை அரைக் கிலோமீட்டர் இருக்கும். பாலத்தில் நின்றாலும் தெருமுனை தெரியும்.

யார் கேட்டாலும் பதிவேட்டில் உள்ளதுதான் என்று சொல்லச் சொன்னேன். மிருதுளா உள்ளேதான் இருந்தாள். அவர் போனதும் வந்து, புயல் அடித்தது டிசம்பர் எத்தனையாம் தேதி என்று கேட்டாள். இரண்டாம் தேதி என்றேன். தன் செல்போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

ஜூன் 29, ஞாயிறு

அவர் கறி எடுத்து வந்தார். குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்குத் தாசில்தார் அறை. அஞ்சலாட்சி புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பவதாரணி பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். வேறு நல்ல உடை இல்லையோ என்னவோ. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மிருதுளா நின்றிருந்தாள். காலையில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

தாசில்தார் கோப்பைப் புரட்டினார். பகுதிச் சேதம் என்றுதானே இருக்கிறது, பிறகு ஏன் அங்கே இருக்கவில்லை என்று அஞ்சலாட்சியைக் கேட்டார். அவள் சுவர் விழுந்ததைச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டாள். மிருதுளா முன்னால் வந்தாள். செல்போனை மேசைமேல் வைத்தாள்.

"நான் எடுத்த போட்டோ சார். டிசம்பர் மூணாம் தேதி. தேதியும் நேரமும் அதுலயே இருக்கு."

ஆறு படங்கள். தாசில்தார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். ஓட்டுக் கூரை அப்படியே தரையில் படுத்திருக்கிறது. முட்டளவு தண்ணீர். பவதாரணி தலையில் புத்தக மூட்டை. இன்னொன்றில் ஒரு டிரங்குப் பெட்டியின் ஒரு முனையை அஞ்சலாட்சி பிடித்திருக்கிறாள். மறுமுனையைப் பிடித்திருப்பது என் மகள். அன்று அவள் டியூஷனுக்குப் போயிருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போகாத தெருவுக்கு அவள் போயிருக்கிறாள்.

இந்தப் பெண் யார் என்றார் தாசில்தார். என் மகள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இவளும் இந்த வருஷம் விண்ணப்பிக்கிறாளா என்று கேட்டார். மிருதுளாவே பதில் சொன்னாள்: அதே ஒதுக்கீட்டில்தான், பவதாரணி இல்லாமல் போனால் கடைசி இடம் தனக்கு வரும் என்று. பவதாரணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை இந்தக் கணக்குத் தெரியாது.

"நீங்க நேர்ல போய்ப் பார்த்துத்தான் பகுதிச் சேதம்னு எழுதினீங்களா?" தாசில்தார் என்னிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

தெருமுனை வரை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மிருதுளா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பேன்.

"இல்லை சார். நான் போகவே இல்லை. பாலத்தோட திரும்பிட்டேன். அந்த வீடு முழுசா போயிருக்கு. என் அறிக்கை தப்பு."

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. கலியமூர்த்தியைப் பற்றிக் கேட்டார். அவருக்குச் சம்பந்தமில்லை என்றேன். சொன்னதையெல்லாம் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது அஞ்சலாட்சி என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நன்றி சொல்வாளோ என்று பயந்து வேகமாக நடந்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பவதாரணிக்குச் சான்று கிடைத்துவிட்டது. எனக்கு மெமோ கிடைத்தது. ஏழு நாளில் விளக்கம். விசாரணை முடியும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது.

அவர் தன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

கடைசித் தேதி. இரண்டு பேரும் ஒரே கணினி மையத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பினார்களாம்.

ஜூலை 9, புதன்

எண் 14-ஐ முழுச் சேதமாகத் திருத்தி, வீடு கட்டும் உதவிக்குப் பரிந்துரைத்து அனுப்பினேன். இந்த முறை நேரில் போய், நாடா பிடித்து அளந்தேன். அஞ்சலாட்சி நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே செய்ய வேண்டியது. செய்திருந்தால் அவர்கள் வடபுறத்திலேயே இருந்திருப்பார்கள், இந்தச் சான்றுக்கு என்னிடம் நிற்கவே வேண்டியிருக்காது. இந்த வரியை இங்கே எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. பவதாரணி ஒன்பது. மிருதுளா பன்னிரண்டு. அவர் போட்ட கணக்கில் ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

பதினோராவது பெயர் காரைக்காலைச் சேர்ந்த ஒரு பையன். யாரென்று தெரியாத அவன்மேல் எனக்கு நாளெல்லாம் எரிச்சல். அவனும் எங்கேயோ ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்று சான்று வாங்கியிருப்பான்.

ஜூலை 30, புதன்

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் மிருதுளாவுடையது. யாராவது சேராமல் போனால் இவளுக்கு. அவர் தினமும் மூன்று வேளை இணையதளத்தைத் திறக்கிறார். நானும்தான். மிருதுளா திறப்பதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதினொரு பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொரு வருஷம் படித்து மறுபடி எழுதலாம் என்று அவர் சொன்னார். நல்ல கோச்சிங், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். மிருதுளா வேண்டாமென்றாள். அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாளாம். இங்கிருந்து முக்கால் மணி நேரப் பேருந்துதான், விடுதி எதற்கு என்றேன்.

"ஒரு வருஷம் இந்த வீட்ல உட்கார்ந்து படிக்க என்னால முடியாதும்மா" என்றாள். விடுதி பற்றிய கேள்விக்கும் அதே பதில்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது. காரைக்கால் பக்கம் ஒரு கிராமம். தண்டனை என்று போடவில்லை, நிர்வாகக் காரணம் என்று போட்டிருக்கிறது. நத்தமேட்டுக் கோப்பைப் புது ஆளிடம் ஒப்படைக்கும்போது எண் 14 பற்றித் தனியாக எழுதி வைத்தேன். கலியமூர்த்தி பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். 

ஆகஸ்ட் 9, சனி

நாளை மிருதுளாவை விடுதியில் விட வேண்டும். புதுச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் போயிருந்தார். பவதாரணி நேற்று போன் செய்தாளாம். வகுப்பில் பெரிய பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை என்று புலம்பினாளாம். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போனில் பேசிப் பழகலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒரு சீருடையை முடித்து அடுத்ததை எடுக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் போட்டோ கொண்டு வரலைன்னா நீ சொல்லியிருப்பியா?"

தாசில்தார் எப்படியும் நேரில் போய்ப் பார்த்திருப்பார், உண்மை எப்படியும் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அவள் கேட்டது தாசில்தாரைப் பற்றி அல்ல.

விண்ணப்பம் வந்த அன்றே அந்தச் சுற்றறிக்கை எனக்கு ஞாபகம் இருந்தது. சர்வர் இரண்டு நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் பன்னிரண்டு என்று சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு எண் எதுவும் கண்ணில் படவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்.

"சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் வாயால் வர வேண்டும் என்றுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறாள். சுவிட்சை அணைத்தாள். நான் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து, அவள் விதமாக வேறு மாதிரி மடித்து வைத்தாள். பிறகு, "பசிக்குதும்மா, வா" என்று எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள்.